கொஞ்சம் தங்கம், கொஞ்சம் ஜெல்லி: 1857-ல் மைக்கேல் ஃபாரடே கண்டது என்ன?

கோவிட் காலத்தில் வீட்டிலேயே டெஸ்ட் எடுத்தவர்களுக்கு அந்தச் சிவப்புக் கோடு மறந்திருக்காது. கர்ப்பப் பரிசோதனை கிட்டிலும் அதே மாதிரி கோடுதான். அது ஏதோ சாயம் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் பல கிட்களில் அது தங்கம்! கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள். ஒவ்வொரு துகளுக்கும் மேலே ஒரு புரதப் போர்வை.

புரதமும் ஒருவகை பாலிமர்தான், அதாவது நீளமான சங்கிலி மூலக்கூறு. பாலிமரையும் உலோகம், சிலிகா போன்றவற்றின் நானோ துகள்களையும் சேர்த்துச் செய்யும் பொருட்களுக்கு ‘ஹைப்ரிட்’ பொருட்கள் என்று பெயர். டயர், பெயின்ட், மருந்து என்று இன்று எங்கும் இருக்கின்றன. இவற்றின் அடிப்படை ரகசியத்தைத் தொட்டவர், நாம் பள்ளியில் மின்சாரப் பாடத்தில் படித்த மைக்கேல் ஃபாரடே. அப்போது நானோ என்ற பேச்சும் இல்லை, இன்றைய அர்த்தத்தில் பாலிமர் என்ற கருத்தும் இல்லை.

பைண்டிங் கடைப் பையன்

1791 செப்டம்பர் 22 அன்று லண்டனை ஒட்டிய நியூயிங்டனில் ஃபாரடே பிறந்தார். அப்பா கொல்லர், உடம்பு முடியாதவர். வீட்டில் வறுமை. 14 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தக பைண்டிங் கடையில் வேலை பழகச் சேர்ந்த பையன், 7 வருடம் அங்கேயே இருந்தான். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைத்ததோடு விடவில்லை, படிக்கவும் செய்தான். ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் புத்தகம் அவனை அப்படியே இழுத்துக்கொண்டது.

1812-ல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி பேசும் கூட்டங்களுக்கு டிக்கெட் கொடுத்தார். கேட்டதை எல்லாம் குறிப்பெடுத்து, தானே பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினார் ஃபாரடே. அடுத்த வருடம் அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. முறையான கல்லூரிப் படிப்பு கிடையாது, கணிதமும் பெரிதாக வராது. கையும் கண்ணும்தான் முதலீடு.

மின்சாரம் மட்டுமா?

1821-ல் மின்சாரத்தால் கம்பியைச் சுழல வைத்தார். 1831-ல் காந்தத்தை அசைத்து மின்சாரம் எடுத்தார். இந்தப் புகழில் அவருடைய வேதியியல் கொஞ்சம் மறைந்துபோனது. 1824-ல் ஹைட்ரஜன் பிடித்துவைக்க ரப்பர் பலூன் செய்தார். 1825-ல் பென்சீனைப் பிரித்தெடுத்தார். 1826-ல் இயற்கை ரப்பரை ஆராய்ந்து, அதில் 5 கார்பனுக்கு 8 ஹைட்ரஜன் என்ற விகிதம் இருப்பதாகச் சொன்னார். அந்த விகிதம் இன்றும் சரி. ஆனால் ரப்பர் ஒரு நீண்ட சங்கிலி என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. ஹெர்மன் ஸ்டாடிங்கர் அப்படி ஒரு கருத்தை முன்வைக்க 1920 ஆகிவிட்டது.

கொட்டாமல் வைத்த தண்ணீர்

1856. ஃபாரடேக்கு 64 வயது. பல வருடங்களாகவே ஞாபக மறதி படுத்தியது. செய்ததையே மறுபடி செய்துவிடக் கூடாது என்பதால், ஒவ்வொரு சோதனையையும் எண் போட்டு நோட்டில் எழுதிவைத்தார்.

அவருக்கு இருந்த கேள்வி இதுதான்: ஒளி அலையைவிடச் சிறிதாக ஓர் உலோகத்தை ஆக்கினால், ஒளி அதனோடு எப்படி நடந்துகொள்ளும்? அதற்குத் தோதானது தங்கம். அடித்து மெலிதாக்கிய தங்கத் தகடு ஓர் அங்குலத்தில் 2,82,000-ல் ஒரு பங்கு தடிமன்தான். இன்றைய கணக்கில் சுமார் 90 நானோமீட்டர். அதுவும் போதாமல், தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்து இன்னும் மெல்லிய படலங்கள் செய்யப் பார்த்தார்.

அப்போது கழுவிய தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. வேறு யாராவது என்றால் கொட்டியிருப்பார்கள். அவர் அதைப் பாட்டிலில் எடுத்துவைத்தார்.

தங்கத்திலிருந்து சிவப்புத் திரவம் வருவது பழைய ரசவாதிகளுக்கே தெரியும். ஆனால் அந்தச் சிவப்பு எது? ஃபாரடே லென்ஸ் வழியாக ஒளியைக் குவித்து அதற்குள் செலுத்தினார். தெளிவாகத் தெரிந்த திரவத்துக்குள் ஒளியின் பாதை பளிச்சென்று தெரிந்தது. அப்படியானால் உள்ளே துகள்கள் மிதக்கின்றன. அது தங்கத்தின் வேறு ஏதோ சேர்மம் அல்ல, தங்கமேதான், மிக நுண்ணியதாக உடைந்த நிலையில் என்று அவர் முடிவுக்கு வந்தார். அந்தக் கால மைக்ராஸ்கோப்பில் ஒரு துகளைக்கூடப் பார்க்க முடியவில்லை.

உப்பு கெடுத்தது, ஜெல்லி காத்தது

இந்தத் திரவத்தில் ஒரு சிக்கல். கொஞ்சம் சமையல் உப்பு பட்டாலே சிவப்பு நீலமாக மாறிவிடும், பிறகு தங்கம் அடியில் படியும். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கே போதும், எல்லாம் பாழ். ஆனால் முன்கூட்டியே கொஞ்சம் ஜெல்லி, அதாவது எலும்பு, தோலை வேகவைத்து எடுக்கும் ஜெலட்டின், சேர்த்துவிட்டால் உப்பு போட்டாலும் நிறம் அவ்வளவு சுலபத்தில் மாறவில்லை!

ஏன்? இன்றைக்கு விளக்கம் உண்டு. தங்கத் துகள்கள் எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. உப்பு அந்தத் தள்ளுவிசையை அடக்கிவிடுகிறது. துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ள, நிறம் மாறுகிறது. ஜெலட்டின் சங்கிலிகள் ஒவ்வொரு துகளையும் சுற்றிக்கொண்டால், நெருங்கினாலும் ஒட்ட முடியாது. பலாப்பழம் வெட்டும் முன் பால் பிசினாக ஒட்டாமலிருக்க கையில் எண்ணெய் தடவுகிறோமே, அந்த மாதிரி.

ஹைப்ரிட் பொருள் தயாரிப்பவர்களின் பெரிய தலைவலி இன்றும் இதுதான். நானோ துகள்கள் ஒன்றோடொன்று கட்டியாகிவிட்டால், அவற்றைச் சேர்த்ததன் பலன் குறைந்துவிடும். டயர் ரப்பரில் சிலிகாவைக் கலக்கும்போதுகூட, துகளின் மேற்பரப்பைச் சிலேன் என்ற வேதிப்பொருளால் ரப்பரோடு இணக்கமாக்குகிறார்கள்.

தோல்வியா அது?

1857 பிப்ரவரி 5 அன்று ராயல் சொசைட்டியின் பேக்கரியன் உரையில் இதை எல்லாம் அறிவித்தார். நோட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஆனால் ஒளி குறித்து அவர் தேடிய பெரிய விடை கிடைக்கவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. இந்த முடிவுகளுக்கு இப்போதைக்குப் பெரிய மதிப்பு இருப்பதாகத் தான் சொல்லவில்லை என்றும், பின்னால் வருபவர்களின் சிரமத்தையாவது குறைக்கலாம் என்றும் கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டார்.

பின்னால் வந்தவர்கள் வந்தார்கள். ரிச்சர்ட் சிக்மாண்டி 1901-ல், எந்தப் பொருள் எவ்வளவு சேர்த்தால் தங்கத்தை உப்பிலிருந்து காக்கும் என்று அளக்க ‘தங்க எண்’ என்ற அளவுகோலை உருவாக்கினார். எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல காவல். அதில் ஜெலட்டின் முன்வரிசை. 1925-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு சிக்மாண்டிக்கு வழங்கப்பட்டது. துகள்களின் நிறத்துக்கான கணித விளக்கத்தை 1908-ல் குஸ்டாவ் மீ தந்தார். கணிதம் வராத ஃபாரடே நின்ற இடத்துக்கு அப்பால் இருந்தது அந்த விடை.

சர் பட்டத்தை மறுத்த ஃபாரடே, ராயல் சொசைட்டி தலைவர் பதவியையும் வேண்டாம் என்றார். ஞாபகம் மேலும் மங்கியது. 1867 ஆகஸ்ட் 25 அன்று காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்வதையும் அவர் விரும்பாததால், ஹைகேட் கல்லறையில் எளிமையாக அடக்கம் செய்தார்கள்.

அவர் தயாரித்த தங்கத் திரவங்கள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் இருக்கின்றன. 160 வருடங்களுக்கு மேல் ஆகியும் சிவப்பு போகவில்லை.