விருந்தில் சிறுநீரை அடக்கியதால்தான் இறந்தாரா டைக்கோ பிராகே? இரண்டு முறை திறக்கப்பட்ட கல்லறை சொல்வது என்ன?

மீட்டிங் முடிகிற மாதிரி தெரியவில்லை. மேலதிகாரி பேசிக்கொண்டே இருக்கிறார். நடுவில் எழுந்து பாத்ரூம் போனால் நன்றாக இருக்குமா என்று யோசித்தபடி நாற்காலியில் நெளிந்த அனுபவம் பலருக்கும் இருக்கும். அதே இக்கட்டில் மாட்டி, பதினோராவது நாள் உயிரையே விட்டவர் என்றுதான் டைக்கோ பிராகேவை இணையம் நமக்கு அறிமுகப்படுத்துகிறது. விநோத மரணங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இவர் பெயர் இருக்கும். போதாக்குறைக்கு இவருக்கு உலோக மூக்கு. இவர் வளர்த்த எல்க் மான் பீர் குடித்துவிட்டுப் படிக்கட்டில் உருண்டு செத்தது என்று ஒரு கதை வேறு. மீம் போடுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இந்த மரணத்தின் பின்னால் ஒரு கொலைப் புகாரும் இருந்தது. அதில் சிக்கியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பள்ளி இயற்பியல் பாடத்தில் கோள்களின் விதிகளோடு வருகிறாரே, அதே ஜோகன்னஸ் கெப்ளர். உண்மை தெரிய 2010இல் கல்லறையைத் திறக்க வேண்டியிருந்தது.

யார் இந்த பிராகே?

1546 டிசம்பர் 14ஆம் தேதி ஸ்கேனியாவில் பிறந்தார். இன்று ஸ்வீடனில் இருக்கும் அந்தப் பகுதி அப்போது டென்மார்க்குடையது. அப்பா, அம்மா இரண்டு பக்கமும் பெரிய பிரபுக் குடும்பம். குழந்தைக்கு இரண்டு வயது இருக்கும்போது பிள்ளையில்லாத பெரியப்பா யோர்கன் பிராகே தூக்கிக்கொண்டு போய்த் தன் மகனாகவே வளர்த்தார். அந்தப் பெரியப்பாவின் முடிவும் விநோதம்தான். பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்த அரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கைக் காப்பாற்றக் குதித்தவர், நிமோனியா வந்து 1565இல் இறந்தார் என்று சொல்லப்படுகிறது.

குடும்பம் பையனைச் சட்டம் படிக்க அனுப்பியது. பையனின் மனசோ வானத்தில். 1560இல் ஒரு சூரிய கிரகணம் நடந்தது. அது நிகழ்ந்ததைவிட, அதன் தேதியை முன்கூட்டியே கணித்துவிட முடிகிறது என்பதுதான் 13 வயதுப் பையனை அசத்தியது. மூன்று வருடம் கழித்து வியாழனும் சனியும் வானில் நெருங்கி வந்தபோது புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பழைய அட்டவணை ஏறக்குறைய ஒரு மாதம் பிசகியிருந்தது. கோபர்நிகஸ் கணக்கை வைத்துப் போட்ட புதிய அட்டவணையிலும் சில நாள் பிழை. அப்படியென்றால் யாருமே ஒழுங்காக அளக்கவில்லை! அந்தக் கடுப்புதான் கடைசிவரை அவரை ஓட்டியது.

மூக்கு போனது 20 வயதில். ஜெர்மனியின் ரோஸ்டாக்கில் படித்துக்கொண்டிருந்தபோது, தூரத்து உறவினரான மண்டெருப் பார்ஸ்பெர்க்கோடு வாக்குவாதம். கணக்கில் யார் கெட்டிக்காரர் என்பதுதான் பஞ்சாயத்து என்று சொல்வார்கள். 1566 டிசம்பர் 29 அன்று இருட்டில் வாள் சண்டை. மூக்கின் மேல்பகுதி வெட்டுப்பட்டது. அதன்பின் வாழ்நாள் முழுக்க ஒட்டு மூக்குதான். அது தங்கமும் வெள்ளியும் கலந்து செய்தது என்று ஊரெல்லாம் பேச்சு.

ஒரு தீவே ஆய்வுக்கூடம்

1572 நவம்பர் 11. மாலை வீட்டுக்குத் திரும்பும்போது காசியோபியா விண்மீன் கூட்டத்தில் அதுவரை இல்லாத ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தார். வெள்ளிக் கோளுக்கு இணையான பளிச். நிலாவுக்கு அப்பால் வானத்தில் எதுவும் மாறாது, புதிதாக எதுவும் தோன்றாது என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. பிராகே மாதக்கணக்கில் அளந்தார். மற்ற நட்சத்திரங்களை ஒப்பிட அது இம்மியும் நகரவில்லை. அது நிலாவுக்கு மிகத் தொலைவில் இருக்கிறது என்று 1573இல் புத்தகம் போட்டார். அவர் பார்த்தது ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறிய வெளிச்சம். இன்று அதற்கு எஸ்.என். 1572 என்று பெயர்.

ஆளை நாட்டைவிட்டுப் போகவிடக் கூடாது என்று நினைத்த இரண்டாம் ஃபிரெடரிக், 1576இல் வேன் என்ற தீவையே கொடுத்துவிட்டார். அங்கே யுரானிபோர்க் என்ற மாளிகை எழுந்தது. காற்றில் கருவிகள் ஆடுகின்றன என்று பக்கத்திலேயே தரைக்குக் கீழே இன்னொரு ஆய்வுக்கூடம். சொந்த அச்சகம், காகித ஆலை, ரசவாத உலைகள், வரிசையாக உதவியாளர்கள். தங்கை சோஃபியாவும் வந்து வேலை பார்த்தார்.

டெலஸ்கோப் வானத்தைப் பார்க்கத் தொடங்கியது 1609 வாக்கில்தான். பிராகேவிடம் இருந்தது வெறும் கண்ணும், ஆளுயரத்துக்கு இருந்த கோணமானிகளும். அதை வைத்துக்கொண்டு ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக அளந்தார். நம் கண்ணுக்குத் தெரியும் முழு நிலாவின் அகலத்தை 30ஆகப் பிரித்தால் வரும் ஒரு துண்டு, அவ்வளவுதான். அதை 20 வருடம், இரவு இரவாகச் செய்தார்.

அதே நேரம் ஆள் நல்ல முதலாளி எல்லாம் கிடையாது. தீவின் விவசாயிகளைக் கூலியில்லாமல் வேலை வாங்கினார். அவர்கள் அரசரிடம் புகார் செய்யும் அளவுக்குப் போனது. ஜெப் என்ற குள்ள உருவக் கோமாளியைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார வைத்திருப்பாராம். பீர் குடித்த எல்க் மான் கதையும் இந்தக் காலத்தது. மாளிகையில் கெத்தாக வாழ்ந்தாலும் வீட்டுக்குள் ஒரு சிக்கல் இருந்தது. மனைவி கிர்ஸ்டன் பிரபுக் குலத்தவர் அல்ல. சட்டப்படி அது திருமணம்தான். ஆனால் பிள்ளைகளுக்கு அப்பாவின் பட்டமும் அந்தஸ்தும் வராது. சொத்து என்று அவர்களுக்கு விட்டுப்போக பிராகேவிடம் பெரிதாக இருந்தது கருவிகளும், அளவீட்டு நோட்டுகளும்தான். பின்னால் நடந்த சண்டைக்கெல்லாம் இந்த நோட்டுகள்தான் காரணம்.

1588இல் ஃபிரெடரிக் இறந்தார். அடுத்து வந்த நான்காம் கிறிஸ்டியனுக்கும் பிராகேவுக்கும் ஒத்துப்போகவில்லை. உதவித்தொகை நின்றது. 1597இல் நோட்டுகளையும் கருவிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு டென்மார்க்கைவிட்டு வெளியேறினார். 1599இல் பிராக் நகரில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரண்மனைக் கணிதர் ஆனார்.

கெப்ளர் வருகிறார்

1600 பிப்ரவரியில் பிராகேவைத் தேடி வந்தார் கெப்ளர். 28 வயது. கையில் காசில்லை, பார்வையும் சுமார்தான், கணக்கில் மட்டும் புலி. அவருக்குத் தேவை பிராகேவின் டேட்டா. பிராகேவோ மொத்தமாகக் கொடுக்கத் தயாரில்லை. சாப்பிடும்போது போகிற போக்கில் ஒரு எண்ணைச் சொல்வார், பேச்சை மாற்றிவிடுவார். இப்படித் துணுக்குத் துணுக்காகத்தான் தருகிறார் என்று கெப்ளரே புலம்பியிருக்கிறார். இரண்டு மாதத்தில் பெரிய சண்டை, பிறகு சமாதானம். செவ்வாய்க் கோளின் கணக்கு மட்டும் கெப்ளர் கையில் வந்தது.

1601 அக்டோபர் 13. பிராகில் பீட்டர் வோக் ரோசன்பெர்க் என்ற பிரபுவின் வீட்டில் விருந்து. பிராகே கொஞ்சம் தாராளமாகவே குடித்திருந்தார். சிறுநீர் முட்டியது. விருந்து முடியாமல் எழுந்து போவது அந்தக் கால நாகரிகத்துக்கு அவமரியாதை. அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்குப் போனதும் சிறுநீர் போகவில்லை. ஐந்து நாள் தூக்கமில்லை. அப்புறம் கடும் வலியோடு சொட்டுச் சொட்டாகப் போனது. காய்ச்சல் ஏறியது, பிதற்றல் தொடங்கியது. தன் வாழ்க்கை வீணாகிவிடக் கூடாது என்பதையே கடைசி இரவில் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அட்டவணையை முடிக்கும் பொறுப்பை கெப்ளரிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 24 காலை உயிர் பிரிந்தது. வயது 54.

இத்தனையும் நமக்குத் தெரிவது கெப்ளர் எழுதிவைத்த குறிப்பிலிருந்து.

இரண்டே நாளில் அரண்மனைக் கணிதர் பதவி கெப்ளருக்குப் போனது. வாரிசுகள் சுதாரிப்பதற்குள் நோட்டுகளும் அவர் வசம். அதை அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். பிராகேவின் மருமகனோடு வருடக்கணக்கில் தகராறு ஓடியது. ஆக, கெப்ளருக்குக் காரணமும் இருந்தது, வாய்ப்பும் இருந்தது. சந்தேகப்பட ஆசைப்படுகிறவர்களுக்கு இது போதும்.

ஒரு முடியிலிருந்து முளைத்த கொலை

இறந்து 300 ஆண்டு ஆனபோது, 1901இல், பிராக் தீன் தேவாலயத்தில் இருந்த கல்லறையை முதல் முறை திறந்தார்கள். அந்தக் கால வைத்தியர்கள் சொன்ன சிறுநீரகக் கல் எதுவும் எலும்புக்கூட்டோடு கிடைக்கவில்லை. மூக்கருகே பச்சைக் கறை இருந்தது. எடுத்து வைத்த மீசை முடியில் கொஞ்சத்தை 1990களில் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பாதரசம் அதிகமாக இருப்பதாக முடிவு வந்தது. இறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு பெரிய அளவில் பாதரசம் உள்ளே போயிருக்கலாம் என்றது இன்னொரு ஆய்வு.

அவ்வளவுதான், கதை பற்றிக்கொண்டது. 2004இல் வெளியான ஒரு ஆங்கிலப் புத்தகம் நேரடியாகவே கெப்ளரைக் கொலைகாரர் என்றது. இன்னொரு தரப்பு, டென்மார்க் அரசர் ஏவிவிட்ட உறவினர் ஒருவர்தான் கொன்றார் என்றது. நவீன வானியலின் இரண்டு தூண்களில் ஒருவர் இன்னொருவருக்கு விஷம் வைத்தாரா என்பது தலைப்புச் செய்திக்கு ஏற்ற சரக்கு. பிராகே ரசவாதி, தன் மருந்தைத் தானே தயாரித்தவர், அந்தக் கால மருந்துகளில் பாதரசம் சகஜம் என்பதெல்லாம் இந்த வேகத்தில் அடிபட்டுப் போனது.

2010 நவம்பரில், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் யென்ஸ் வெல்லேவ் தலைமையில் டேனிஷ், செக் விஞ்ஞானிகள் மறுபடி கல்லறையைத் திறந்தார்கள். முடிவுகள் 2012இல் வந்தன. எலும்பு கடைசிச் சில ஆண்டுகளின் கதையைச் சொல்லும், தாடி முடி கடைசி வாரங்களின் கதையைச் சொல்லும். இரண்டிலும் கொல்லும் அளவுக்குப் பாதரசம் இல்லை. சொல்லப்போனால், கடைசி இரண்டு மாதத்தில் அளவு குறைந்துகொண்டேதான் வந்திருக்கிறது. விஷம் வைத்தால் ஏறியிருக்க வேண்டும். கெப்ளர் விடுதலை.

தங்க மூக்குக் கதையும் அத்தோடு முடிந்தது. மூக்கெலும்பில் ஒட்டியிருந்தது செம்பும் துத்தநாகமும். அதாவது சாதா பித்தளை.

அப்படியானால் எப்படித்தான் இறந்தார்?

வெறுமனே அடக்கினால் மூத்திரப்பை வெடிக்குமா? ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்கு அப்படி நடப்பது மிக மிக அரிது. ஒரு கட்டத்துக்கு மேல் உடம்பே கட்டுப்பாட்டை விட்டுவிடும். பிராகே விஷயத்தில் கவனிக்க வேண்டியது, வீட்டுக்குப் போய் முயன்றும் போகவில்லை என்பது. 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப் பாதையை நெருக்கலாம். அந்த நிலையில் மதுவும், நேரம் போவது தெரியாமல் அடக்குவதும் சேர்ந்தால் பாதை ஒரேயடியாக அடைத்துக்கொள்ளக்கூடும். வெளியேறாத சிறுநீரின் அழுத்தம் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும், ரத்தத்தில் கழிவு சேரும், கூடவே தொற்றும் வரலாம். காய்ச்சல், பிதற்றல் எல்லாம் அதோடு பொருந்துகிறது. அந்த விருந்துதான் நோயைக் கொடுத்தது என்பதைவிட, ஏற்கெனவே இருந்த நோயை விருந்து காட்டிக்கொடுத்தது என்பதுதான் நம்பும்படி இருக்கிறது. இன்றைக்கு என்றால் எமர்ஜென்சி வார்டில் ஒரு கதீட்டர் டியூப் போட்டுச் சில நிமிடங்களில் வலியைத் தீர்த்துவிடுவார்கள்.

2018இல் வெளியான எலும்பு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒருவகை எலும்பு வளர்ச்சி அவருக்கு இருந்தது. உடல் பருமன், சர்க்கரை நோய் இருப்பவர்களிடம் இது அதிகம். பிரபு வீட்டுச் சாப்பாடும் மதுவும் உடம்பை ஏற்கெனவே அரித்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

நோட்டுகளுக்கு என்ன ஆனது? கெப்ளர் செவ்வாயின் பாதையை வட்டமாக வைத்துப் போட்ட கணக்கு, பிராகேவின் அளவீட்டோடு ஒரு டிகிரியில் 60இல் 8 பங்கு இடித்தது. வேறு யாருடைய டேட்டாவாக இருந்தாலும் அளந்ததில் தப்பு என்று தள்ளியிருக்கலாம். பிராகே அவ்வளவு தப்பாக அளக்கமாட்டார் என்று கெப்ளருக்குத் தெரியும். வட்டத்தைத் தூக்கிப் போட்டார். 1609இல் கோள்கள் சுற்றுவது நீள்வட்டத்தில் என்று அறிவித்தார். பூமி அசையாது, சூரியன்தான் பூமியைச் சுற்றுகிறது என்பது பிராகே சாகும்வரை நம்பிய மாடல். அதைப் பின்பற்றச் சொல்லித்தான் கெப்ளரிடம் கேட்டுக்கொண்டார். கெப்ளர் அதைச் செய்யவில்லை. ஆனால் ஒப்புக்கொண்ட அட்டவணையை 1627இல் அச்சிட்டு முடித்தார்.

மூத்திரப்பையும் புராஸ்டேட்டும் 400 வருடம் மண்ணில் தங்காது. அதனால் எது அடைத்தது என்று உறுதியாகச் சொல்ல எலும்பு உதவாது. கையில் மிச்சமிருக்கும் சாட்சி ஒன்றே ஒன்றுதான்: பிராகேவின் அளவீட்டு நோட்டில் அந்தப் பதினோரு நாளைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பு. எழுதியவர், பிற்பாடு கொலைகாரர் என்று பெயர் வாங்கிய கெப்ளர்.