கிறீன் கண்ட சிறு குளவிகள்

இலங்கையிற் கோப்பிப் பயிர் அழிந்ததற்கு 1869இல் தோன்றிய இலைத்துரு நோயையே நாம் காரணமாகக் கூறுவது வழக்கம். அந்நோய்க்குத் தப்பிய செடிகளின் சாற்றைப் பச்சைச் செதிற்பூச்சி உறிஞ்சித் தீர்த்த கதையை அறிந்தோர் சிலரே. அப்பூச்சியை 1889இல் விவரித்துப் பெயரிட்டவர் எட்வேர்ட் ஏர்னஸ்ட் கிறீன்.

1861இல் கொழும்பிற் பிறந்த அவர், இங்கிலாந்திற் கல்வி கற்று, இளமையிலேயே இத்தீவுக்கு மீண்டு தோட்டத்துரையானார். பூண்டுலோயா மலைச்சாரலே அவருடைய ஆய்வுக்கூடம். பின்னாளிற் பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலாளராகி, 1913இல் ஓய்வுபெற்றார். இலங்கைச் செதிற்பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. அதன் ஓவியங்களும் அவர் கைவண்ணமே.

ஆயினும் நான் அவரைப் போற்றுவது வேறொரு பணிக்காக.

செதிற்பூச்சியும் அழுக்கணவனும் உறவினங்கள். இரண்டும் பயிரின் சாற்றை உண்டு தேன்போன்ற கழிவைச் சொரிபவை. இரண்டிற்கும் கூற்றுவன் ஒரு சிறு குளவி. அது பூச்சியின் உடலுள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே உண்டு வளரும். முடிவில் வட்டத்துளையிட்டுக் குளவி வெளிப்படும். அலவத்துகொடையில் எங்கள் பயற்றங்கொடியிலும் இதனைக் காணலாம். பச்சையும் கருமையுமாக மொய்க்கும் அழுக்கணவன்களிடையே ஊதிப் பழுப்பேறிய சில ஓடுகள் அசைவற்றிருக்கும். மாணவர் அவற்றை நோயென்றெண்ணிக் கிள்ளியெறிவர். எறிவது நம் துணைவனை!

செதிற்பூச்சிகளைச் சேகரிப்போனுக்குத் துளைபட்ட ஓடு பழுதுற்ற மாதிரியேயாகும். பொறுமையற்றவன் அதனை வீசிவிடுவான். கிறீனோ அத்தகைய பூச்சிகளிலிருந்து குளவிகளை வெளிப்படச் செய்து, அவற்றைப் பேணி, அமெரிக்க அறிஞர்களுக்கு அனுப்பினார். ஹவாட், ஆஷ்மீட் என்னும் இருவர் அவற்றை ஆராய்ந்து 1896இல் வெளியிட்டனர். எள்ளினுஞ் சிறிய உயிர்கள், பூண்டுலோயாவிலிருந்து வாஷிங்டன்வரை சென்று பெயர் பெற்று வந்தன.

பகைவனைக் காட்டியதோடு அப்பகைவனின் பகைவனையும் காட்டினார் என்பதே என் கருத்து. கோப்பியை அது மீட்கவில்லை, காலம் கடந்துவிட்டது. தேயிலைக்கு அவ்வழி உதவியது. இலைகளைச் சுருட்டி உண்ணும் தேயிலைப் புழுவை அடக்க, 1935-36இல் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் ஜாவாவிலிருந்து மற்றொரு குளவியைக் கொணர்ந்து பரப்பினர். புழுவின் பெருக்கம் பெரிதும் தணிந்தது. அப்போது கிறீன் இங்கிலாந்தில் முதியவராக வாழ்ந்திருந்தார், 1949இல் மறைந்தார்.

அதன்பின் தண்டு துளைக்கும் வண்டை ஒழிக்கவெனத் தோட்டங்களில் டீல்ட்ரின் என்னும் நஞ்சைத் தெளித்தனர். அது குளவிகளையும் கொன்றது. அடங்கியிருந்த புழு மீண்டும் இலைகளைச் சுருட்டத் தொடங்கிற்று.