மாமல்லர் காமா

சிலம்பமும் மற்போரும் பயில்வோர் பெரிதும் விரும்பிக் கற்பன வீச்சும் பிடியுமே ஆகும். கண்டோர் வியந்து பாராட்டுவதும் அவற்றையே. ஆயினும், அவற்றைத் தாங்கி நிற்பது உடல் வலிமை. அவ்வலிமையை நல்குவன தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை முதலிய துணைப் பயிற்சிகள். இவை காண்போர்க்கு இன்பம் பயப்பன அல்ல. செய்வோர்க்கும் சில நாட்களில் சலிப்பைத் தருவன. ஆதலின், ஆர்வத்தோடு தொடங்கும் பலர் இடையிலேயே இவற்றைக் கைவிடுகின்றனர். கைவிடாது நெடுங்காலம் போற்றி, அதனால் உலகப் புகழ் பெற்ற ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே மாமல்லர் காமா.

குலாம் முகம்மது என்பது அவர்தம் இயற்பெயர். பஞ்சாபில் அமிர்தசரஸ் பகுதியில், மற்போரில் சிறந்த குடியில் 1878 ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். அவர் சிறுவராக இருந்தபோதே, மல்லராகிய தந்தையார் மறைந்தார். தாய்வழிப் பாட்டனாரும், அவருக்குப் பின் மாமனும் காமாவை வளர்த்தனர். தண்டாலும் பஸ்கியும் செய்வதும், கோதாவின் மண்ணைக் கொத்திப் பதப்படுத்துவதும் அவ்விளம் பருவத்திலேயே அவருடைய அன்றாடக் கடமைகளாயின என்பர்.

1888 ஆம் ஆண்டில் ஜோத்பூர் மன்னர் மல்லர்களுக்கென ஒரு போட்டி நடத்தினார். இடைவிடாது பஸ்கி போடுவதில் யார் நிலைத்து நிற்பார் என்பதே போட்டி. 400 பேருக்கு மேல் அதில் கலந்துகொண்டனர். ஒருவர் பின் ஒருவராகப் பலரும் சோர்ந்து விலகினர். இறுதியில் எஞ்சிய 15 பேருள் 10 வயதுச் சிறுவர் காமாவும் ஒருவர்! அவருடைய இளமையைக் கருதி, மன்னர் அவரையே வென்றவராக அறிவித்தார். பின்னர்த் ததியா மன்னர் அவரை ஆதரித்துப் பயிற்சிக்கு வேண்டிய வசதிகளைச் செய்து கொடுத்தார்.

வளர்ந்த பின்னும் காமா துணைப் பயிற்சிகளைத் துறக்கவில்லை. நாள்தோறும் 40 மல்லர்களோடு பொருததோடு, ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் செய்தார் என்று கூறுவர். தண்டால் மார்பையும் தோளையும் புயத்தையும் திண்மையாக்கும். பஸ்கி தொடையையும் முழங்காலையும் வலுப்படுத்துவதோடு மூச்சையும் நிலைக்கச் செய்யும். பகைவனைத் தூக்கும்பொழுது தளராத கால், பிடி தளராத கை, நெடுநேரம் பொருதாலும் இளைக்காத மூச்சு ஆகிய மூன்றும் மல்லனுக்கு இன்றியமையாதவை. பிடியின் நுட்பம் அறிந்தும் இவை இல்லாதவன், தான் கற்றதைக் களத்தில் காட்ட இயலாது.

1910 ஆம் ஆண்டில் காமா தம் தம்பி இமாம் பக்ஷுடன் இலண்டன் சென்றார். அவர் உயரத்தில் குறைந்தவர் எனக் கூறி, அங்கு நடந்த போட்டியில் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். காமா மனம் தளரவில்லை. எவரேனும் மூவரை 30 நிமிடங்களுக்குள் வீழ்த்துவதாக அறைகூவல் விடுத்தார். அமெரிக்க மல்லர் ரோலர் எதிர்வந்து தோற்றார். அடுத்து, செப்டம்பர் 10 ஆம் நாள், போலந்து நாட்டு மாமல்லர் ஸிபிஸ்கோ எதிர்த்தார். உடற்பருமன் மிக்க அவர் பெரும்பாலும் தரையோடு தரையாகப் படிந்து தம்மைக் காத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்திற்கு மேல் பொருதும் காமாவால் அவரை மல்லாத்த இயலவில்லை. போர் சமமாக முடிந்தது. மறுவாரம் மீண்டும் பொருவதென முடிவாயிற்று. அன்று ஸிபிஸ்கோ களத்திற்கு வரவில்லை. வெற்றிக் கச்சை காமாவுக்கே வழங்கப்பட்டது.

உலகப் புகழ் எய்திய பின் ஓய்ந்திருப்பார் பலர். காமாவோ தாயகம் திரும்பி, முன்போலவே பயிற்சியில் ஈடுபட்டார். ஏறத்தாழ 7 அடி உயரமுடைய ரகீம் பக்ஷோடு முன்னர்ப் பலமுறை பொருது சமநிலையே எய்தியிருந்த அவர், அலகாபாத்தில் அவரையும் வென்றார். 1928 ஆம் ஆண்டில் பாட்டியாலாவில் காமாவும் ஸிபிஸ்கோவும் மீண்டும் எதிர்ப்பட்டனர். அப்பொழுது காமாவுக்கு வயது 50ஐ நெருங்கியிருந்தது. மக்கள் நெடியதொரு போரை எதிர்பார்த்துத் திரண்டிருந்தனர். ஒரு நிமிடம் முடிவதற்குள் ஸிபிஸ்கோவின் முதுகு மண்ணில் பட்டது! இரண்டரை மணி நேரத்தில் முடியாதது ஒரு நிமிடத்தில் முடிந்தது. இடைப்பட்ட 18 ஆண்டுகளும் காமா தம் உடலைத் தளரவிடவில்லை என்பதற்கு அவ்வெற்றியே சான்று.

1947 இல் நாடு பிரிந்தபோது காமா லாகூரில் வாழ்ந்தார். அக்கலகத்தின்போது தம் தெருவில் வாழ்ந்த இந்துக் குடும்பங்களுக்கு அவர் அரணாக நின்றார் என்பர். வலிமையின் பயன் பிறரைக் காத்தலே என்பதை அவர் அறிந்திருந்தார். முதுமையில் நோயுற்று, 1960 ஆம் ஆண்டில் லாகூரில் காலமானார்.

மாணவர்களே! கொங்கு நாட்டில் அமராவதி அணையை அடுத்த அமராவதி நகரில் 1962 ஆம் ஆண்டில் சைனிக் பள்ளி நிறுவப்பட்டது. படைத்துறைக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் அப்பள்ளியில் கல்வியோடு உடற்பயிற்சியும் இடம்பெறுவது, காமாவின் வாழ்வு உணர்த்தும் உண்மையை ஒட்டியதே ஆகும். நீவிர் காமாவின் எண்ணிக்கையைப் பின்பற்ற வேண்டுவதில்லை. அது பல்லாண்டுப் பழக்கத்தால் வந்தது. இன்று 10 தண்டால் செய்ய இயலுமாயின் 10 செய்க. நாளையும் அதனைத் தவறாது செய்க. உடல் இசைந்த பின் சிறிது சிறிதாகக் கூட்டுக. ஒரே நாளில் 100 செய்து மறுநாள் படுத்துக் கிடப்பவனைவிட, நாள்தோறும் 10 செய்பவனே விரைவில் வலிமை பெறுவான்.