சிலையைப் பேச வைத்த எம்மா!

அமெரிக்காவின் நியூயார்க் துறைமுகத்தில், கையில் தீப்பந்தம் ஏந்தி நிற்கும் சுதந்திர தேவி சிலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது, பிரான்ஸ் மக்கள் அமெரிக்காவுக்குக் கொடுத்த பரிசு. வடித்தவர், பார்தோல்டி என்ற சிற்பி. ஆனால், அந்தச் சிலையைப் பேச வைத்தவர் யார் தெரியுமா? எம்மா லாசரஸ் என்ற பெண் கவிஞர்!

இவர், 1849ம் ஆண்டு, ஜூலை 22ல், நியூயார்க்கில், வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்குச் சர்க்கரைத் தொழில். எம்மா வீட்டிலேயே பாடம் படித்தார். சிறு வயதிலேயே கவிதை எழுதினார். மகளின் கவிதைகளை, 1866ல் அப்பாவே புத்தகமாக அச்சிட்டுக் கொடுத்தார் என்றால் பாருங்களேன்!

ரஷ்யாவில் 1881ல், யூதர்கள் மீது பெரும் தாக்குதல்கள் நடந்தன. வீடு, வாசலை இழந்தவர்கள் கப்பலேறி நியூயார்க் வந்தனர். அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கு எம்மா தேடிச் சென்றார். பட்டும், வெல்வெட்டும் உடுத்தி வளர்ந்தவர், அகதிகளின் துயரத்தை நேரில் கண்டு கலங்கினார். அவர்களுக்கு உதவிகள் செய்தார். அவர்களுக்காகப் பத்திரிகைகளிலும் எழுதினார்.

சிலை பரிசாக வந்தாலும், அதை நிறுத்தும் பீடத்தை அமெரிக்கர்கள் தான் கட்ட வேண்டும். அதற்கு நிதி திரட்ட, 1883ல் ஒரு கண்காட்சி நடந்தது. அதற்காக எம்மாவிடம் கவிதை கேட்டனர். முதலில் மறுத்து விட்டார். எழுத்தாளர் கான்ஸ்டன்ஸ் ஹாரிசன், அந்த அகதிகளை நினைத்துப் பார்க்கும்படி சொன்னார். எம்மாவின் மனம் மாறியது. பிறந்தது, 14 வரிக் கவிதை!

பழங்காலத்தில், கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில், கொலோசஸ் என்ற பிரமாண்ட சிலை இருந்தது. அதை மனதில் வைத்து, தன் கவிதைக்கு, 'புதிய கொலோசஸ்' எனப் பெயரிட்டார். நாடிழந்து வரும் ஏழைகளை, வாசலில் விளக்கேந்தி வரவேற்கும் தாயாக அந்தச் சிலையைக் காட்டினார்.

கடந்த 1886ம் ஆண்டு, அக்டோபர் 28ல் சிலை திறக்கப்பட்டது. விழாவில் அந்தக் கவிதையை யாரும் வாசிக்கவில்லை. அப்போது எம்மா, ஐரோப்பாவில் இருந்தார். நோயுற்றுத் திரும்பிய அவர், 1887ம் ஆண்டு, நவம்பர் 19ல் இறந்தார். வயது 38 தான்! கவிதையையும் உலகம் மறந்து போனது.

ஆனால், தோழி ஜார்ஜினா ஸ்கைலர் மறக்கவில்லை. அவருடைய முயற்சியால், 1903ல், அந்தக் கவிதை வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டு, பீடத்தின் உட்சுவரில் பதிக்கப்பட்டது. எம்மா இறந்து, 16 ஆண்டுகளுக்குப் பின்!

சிலைக்கு அருகில் உள்ள எல்லிஸ் தீவு வழியாக, 1892 முதல் 1954 வரை, 1.2 கோடிக்கும் அதிகமானோர் அமெரிக்காவில் குடியேறினர். சுதந்திரத்தின் அடையாளமாக எழுப்பிய சிலை, புகலிடம் தேடி வருவோரின் அடையாளமாகவும் மாறியது. அதற்குக் காரணம், அந்த, 14 வரிகள் தான்!

குழந்தைகளே... நினைவுச் சின்னங்களைப் பார்க்கப் போனால், சிலையை மட்டும் பார்த்துத் திரும்பி விடாதீர்கள். கீழே பொறித்திருக்கும் எழுத்தையும் நின்று படியுங்கள். அதை எழுதியவர் யார் என்று கேளுங்கள். கல்லுக்கும், செம்புக்கும் உயிர் கொடுப்பது அந்த எழுத்து தானே!