சகாரோவ் போட்ட கணக்கு

ஆளில்லாத வெளியில் ஒரு குண்டைப் பரீட்சித்துப் பார்ப்பதால் யாருக்கு என்ன கேடு என்று நீங்கள் கேட்கக்கூடும். அரசுகளும் நெடுங்காலம் அப்படித்தான் கேட்டன. அக்கேள்விக்குக் கணக்கோடு விடை சொன்னவர்களுள் ஒருவர் குண்டைச் செய்தவரே.

1921இல் மொஸ்கோவில் ஒரு பௌதிக ஆசிரியரின் மகனாகப் பிறந்த அந்திரே சகாரோவ், 1948இல் சோவியத் அரசின் இரகசிய ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். அமெரிக்காவிடம் மட்டும் அந்த ஆயுதம் இருப்பது ஆபத்து என்று மனமார நம்பியே உழைத்தார். 1953இல், 32 வயதில், விஞ்ஞானக் கழகத்தின் முழு அங்கத்தவரானார்.

1955 நவம்பரில் அவர்களது பெரிய ஐதரசன் குண்டு வெடித்தது. அதன் அதிர்ச்சியில் தொலைவிலே ஓர் இளம் படைவீரனும் இரண்டு வயதுப் பெண்குழந்தையும் மாண்டனர். அன்றைய விருந்தில், இக்குண்டுகள் ஒருநாளும் நகரங்கள்மேல் வெடிக்கலாகாது என்று சகாரோவ் வாழ்த்துக் கூறினார். மார்ஷல் நெடெலின் ஒரு கதையால் பதிலளித்தார். அது இப்பத்திரிகையில் அச்சிடத் தக்கதன்று. கருத்து இதுதான்: பலமாகச் செய்து தருவது விஞ்ஞானியின் வேலை, எங்கே செலுத்துவது என்பது எங்கள் வேலை. சகாரோவ் மௌனமாக அமர்ந்துவிட்டார்.

ஆனால் கணக்கை விடவில்லை. குண்டு வெடிக்கையில் சிதறும் நியூத்திரன்கள் காற்றிலுள்ள நைதரசனைத் தாக்கிக் கதிர்வீசும் காபனாக்குகின்றன. அக்காபன் பயிரில் ஏறி, உணவாகி, உடலில் சேர்கிறது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே 5,700 ஆண்டுகள் செல்லும். ஒரு மெகாதொன் வெடிப்புக்கு, வருங்காலத் தலைமுறைகளையும் சேர்த்து, ஏறக்குறைய 10,000 உயிர்கள் பலியாகும் என்று 1958இல் எழுதினார். 1957 வரையான பரீட்சைகள் ஏறத்தாழ 50 மெகாதொன், பெருக்கிப் பாருங்கள். சிறிய அளவு கதிர்வீச்சின் தீங்கு எவ்வளவென்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகின்றனர். ஆயினும் பெயரும் முகமும் இல்லாத அந்த மனிதரை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார்.

1962 செப்டெம்பரில், ஒரே வகையான இரு குண்டுகளில் இரண்டாவதை வெடிப்பது வீண் என்று அமைச்சரிடம் மன்றாடினார்; குருஷேவுக்கே தொலைபேசியில் பேசினார். குண்டு வெடித்தது. மேசைமேல் முகத்தைக் கவிழ்த்து அழுதார். மறு ஆண்டு மொஸ்கோவில் கைச்சாத்தான உடன்படிக்கை வளிமண்டலம், விண்வெளி, கடலடிப் பரீட்சைகளைத் தடைசெய்தது. அந்த யோசனையை மேலிடத்துக்கு மீண்டும் எடுத்துச் சென்றவர்களுள் அவரும் ஒருவர்.

பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை. 1968இல் அவரது கட்டுரை வெளிநாட்டில் அச்சாக, இரகசியப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 1975இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு. அரச இரகசியம் அறிந்தவர் என்று பயணம் மறுக்கப்பட, மனைவி யெலேனா பொன்னர் ஒஸ்லோவில் அதைப் பெற்றார். 1980 ஜனவரியில், ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்ததற்காகக் கோர்க்கி நகருக்கு நாடுகடத்தப்பட்டவர்போல் அனுப்பப்பட்டார். அவ்வாண்டு ஒக்டோபரில் சீனா தன் கடைசி வளிமண்டலப் பரீட்சையை நடத்தியபோது, அவர் அங்கே பொலிஸ் காவலில் இருந்தார்.

1986 டிசெம்பரில் ஓர் இரவு அவர் வீட்டில் திடீரெனத் தொலைபேசி பொருத்தினார்கள். மறுநாள் அழைத்தவர் கொர்பச்சேவ். மொஸ்கோ திரும்பலாம் என்றார். நன்றி கூறிய சகாரோவ், சிறையிலிருக்கும் மற்றவர்களையும் விடுவிக்கும்படி அதே பேச்சில் கேட்டார். 1989 டிசெம்பர் 14இல் காலமானார்.