ஒளி புகுந்த வீடு

கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில் தாகூர் குடும்பத்தாரின் இரண்டு பெரிய வீடுகள் அருகருகே நின்றன. ஒன்றில் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் வாழ்ந்தார். மற்றொன்று, அவருடைய ஒன்றுவிட்ட அண்ணனின் மகனான ககனேந்திரநாத்தின் வீடு.

1867ஆம் ஆண்டு பிறந்த ககனேந்திரநாத் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். மூத்த மகன் என்பதால் குடும்பப் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. நீர்வண்ண ஓவியத்தில் சிறிது பயிற்சி பெற்றிருந்தாலும், எந்த ஓவியக் கல்லூரியிலும் அவர் படித்ததில்லை. தம்பி அவனீந்திரநாத் ஓவியராகப் புகழ்பெறத் தொடங்கிய காலத்தில், அண்ணன் வீட்டையும் நிலபுலன்களையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

நாற்பது வயதை நெருங்கும்போது அவருக்குப் பேரிடி ஒன்று விழுந்தது. மூத்த மகன் இளம் வயதிலேயே இறந்துபோனான். துயரத்தை ஆற்றுவதற்காக வீட்டில் புராணக் கதை சொல்லும் நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தனர். கதையைக் கேட்டபடியே, கதை சொல்பவரின் உருவத்தை ககனேந்திரநாத் தாளில் வரையத் தொடங்கினார். அன்று எடுத்த தூரிகையை அவர் பிறகு கீழே வைக்கவில்லை.

பார்ப்பதும் வரைந்து பழகுவதுமே அவர் கற்ற வழி. கல்கத்தாவுக்கு வந்த ஜப்பானிய ஓவியர்கள் தூரிகையை ஈரத்தோடு கையாளும் முறையைக் கூர்ந்து கவனித்தார். கறுப்பு மையைக் கொண்டே காகங்களை உயிரோடு தீட்டினார். இரவீந்திரநாத்தின் வாழ்க்கை நினைவு நூல் 1912இல் வெளிவந்தபோது அதற்குப் படங்கள் வரைந்தவரும் அவரே. சமூகத்தின் போலித்தனத்தைக் கேலிச்சித்திரங்களால் சாடினார். நாடக மேடைகளையும் அமைத்தார்.

1920களில் அவர் பார்வை வீட்டின் உட்புறத்தை நோக்கித் திரும்பியது. மாடிப்படி, தூண், நீண்ட நடை, பாதி திறந்த கதவு ஆகியவை அவர் ஓவியங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அக்காலத்தில் ஐரோப்பிய ஓவியர்கள் சிலர், பொருள்களைக் கட்டங்களாகவும் கோணங்களாகவும் உடைத்து வரைந்தனர். அதற்குக் கியூபிசம் என்று பெயர். ககனேந்திரநாத் அந்த முறையைத் தம் அறைகளுக்குள் கொண்டுவந்தார். ஆனால், அவர் உடைத்தது பொருளை அன்று, ஒளியை! எங்கிருந்தோ வரும் வெளிச்சம் சுவரில் பட்டு முக்கோணமாகச் சிதறும். படிக்கட்டு இருளில் மறைந்து வேறோர் இடத்தில் தோன்றும். அதற்கு நடுவே ஓர் உருவம் தனியே நிற்கும். அது யார், எங்கே செல்கிறது என்பதைப் பார்ப்பவரே கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த கண்காட்சியில், ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த பால் கிளே, காண்டின்ஸ்கி ஆகியோரின் படைப்புகளோடு அவருடைய ஓவியங்களும் வைக்கப்பட்டன. மேனாட்டாரைப் பார்த்து வரைகிறார் என்று குறை கூறியோரும் உண்டு. அந்தப் படிகளையும் நிழல்களையும் சற்று நேரம் நின்று பார்த்தால் அக்குறை பொருந்தாது என்பது விளங்கும். ஐரோப்பியரின் மேசையிலுள்ள பழமும் கிதாரும் அவற்றில் இல்லை. வங்காளத்துக் கூட்டுக்குடும்ப வீடொன்றின் மூலைமுடுக்குகளே இருக்கின்றன.

1930இல் பக்கவாதம் தாக்கியது. பேச்சும் நின்றது, ஓவியமும் நின்றது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1938இல், அவர் மறைந்தார். அந்த வீடும் பின்னாளில் கைமாறி இடிக்கப்பட்டது. அதன் படிக்கட்டுகள் இன்று அவருடைய ஓவியங்களில்தான் உள்ளன.