வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோ

வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோ (சூன் 3, 1858 – டிசம்பர் 3, 1945) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சாலைப் போக்குவரத்துச் சீர்திருத்தவாதி ஆவார். நியூயார்க் நகருக்காக இவர் வகுத்த 1903ஆம் ஆண்டு விதிகள், நகரம் ஒன்றிற்கென எழுதப்பட்ட முதல் போக்குவரத்து விதித்தொகுப்பு எனப் பொதுவாகக் கருதப்படுகின்றன. ஒருவழிச் சுழற்சியில் இயங்கும் சுற்றுவட்டத்தை (தமிழகப் பேச்சு வழக்கில் ரவுண்டானா) நடைமுறைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் இவரும் ஒருவர். சாலைப் பாதுகாப்பின் தந்தை என்று அழைக்கப்படும் ஈனோ, தம் வாழ்நாளில் தானுந்து ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை.

இளமைக் காலம்

ஈனோ நியூயார்க் நகரில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது தந்தை ஏமோஸ் ரிச்சர்ட்ஸ் ஈனோ நகரின் பெரிய நில உடைமையாளர்களுள் ஒருவர்; மாடிசன் சதுக்கத்தை ஒட்டி 1859இல் திறக்கப்பட்ட ஐந்தாம் நிழற்சாலை விடுதியைக் கட்டியவர். அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவராகவும் பின்னர் பென்சில்வேனியா மாநில ஆளுநராகவும் விளங்கிய கிஃபோர்ட் பின்சோ, ஈனோவின் தமக்கை மகன் ஆவார்.

1867ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது, ஈனோ தம் தாயுடன் குதிரை வண்டியில் சென்று ஒரு சாலை நெரிசலில் சிக்கிக்கொண்டார். அங்கு நின்ற வண்டிகள் ஏறத்தாழ ஒரு டசன் மட்டுமே. ஆயினும் யார் முதலில் நகர வேண்டும் என்பது வண்டிக்காரர்களுக்கும் தெரியவில்லை, காவலருக்கும் தெரியவில்லை. நெரிசலுக்குக் காரணம் வண்டிகளின் எண்ணிக்கை அன்று, ஒழுங்கின்மையே என்ற எண்ணம் அன்று தம் மனத்தில் பதிந்ததாக ஈனோ முதுமையில் பதிவு செய்துள்ளார்.

யேல் பல்கலைக்கழகத்தில் 1882ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்த இவர், படிப்பிற்குப் பின் குடும்பத்தின் நில வணிகத்தில் ஈடுபட்டார். தந்தை 1898இல் மறைந்ததை அடுத்து, 1899இல் வணிகத்தை விட்டு விலகி, எஞ்சிய வாழ்நாளைச் சாலைப் போக்குவரத்திற்கே செலவிட்டார். பொறியியல் படிக்காதவர், அரசுப் பதவி வகிக்காதவர், ஊதியம் பெறாதவர் என்ற நிலையிலிருந்தே இவரது பணி தொடங்கியது.

1903ஆம் ஆண்டு விதிகள்

அக்கால நியூயார்க் சாலைகளில் தானுந்துகள் அரிதாகவே காணப்பட்டன. குதிரை வண்டிகள், சரக்கு வண்டிகள், தண்டவாளத்தில் ஓடும் டிராம் வண்டிகள், நடந்து செல்வோர் ஆகிய அனைவரும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொண்டனர். வலப்புறம் செல்லும் வழக்கம் இருந்தாலும் அது சீராகப் பின்பற்றப்படவில்லை. வண்டிகள் தாம் விரும்பிய பக்கத்தில் நின்றன. விரும்பிய இடத்தில் திரும்பின.

1900ஆம் ஆண்டு சனவரியில், குதிரையேற்ற ஆர்வலர்களுக்கான இதழ் ஒன்றில், நகரத் தெருக்களின் போக்குவரத்தில் சீர்திருத்தம் உடனடியாகத் தேவை என வலியுறுத்திக் கட்டுரை எழுதினார் ஈனோ. தொடர்ந்து நகர அதிகாரிகளையும் காவல்துறையையும் அணுகினார். இவர் வகுத்த விதிகளை நியூயார்க் காவல்துறை அக்டோபர் 30, 1903 அன்று ஏற்றுக்கொண்டது. அவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு:

- வண்டிகள் சாலையின் வலப்புறமாகவே செல்ல வேண்டும்.
- மெதுவாகச் செல்லும் வண்டிகள் நடைபாதை ஓரத்தை ஒட்டிச் செல்ல வேண்டும்.
- முன்னே செல்லும் வண்டியை இடப்புறமாகவே முந்த வேண்டும்.
- இடப்புறம் திரும்பும் வண்டி, சந்திப்பின் நடுப்புள்ளியைச் சுற்றி வந்தே திரும்ப வேண்டும்.
- வேகத்தைக் குறைக்கும் முன்னரும் நிறுத்தும் முன்னரும் கையையோ சாட்டையையோ உயர்த்திப் பின்னால் வருவோருக்குக் குறிப்புக் காட்ட வேண்டும்.

இவ்விதிகளைச் சிறு மடிப்பிதழ்களாகத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு வழங்கச் செய்தார். பயிற்சி பெற்ற படையை நடத்துவது எளிது, பயிற்சியற்ற கூட்டத்தை நடத்துவது கடினம் என்பது இவரது அடிப்படைக் கருத்து. ஆகவே விதிகள் சுருக்கமாக இருக்க வேண்டும், எளிதில் விளங்க வேண்டும், அனைவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என வாதிட்டார். பின்னர் லண்டன், பாரிசு ஆகிய நகரங்களுக்கும் போக்குவரத்துத் திட்டங்கள் வகுத்தார்.

கொலம்பசு வட்டம்

மேற்கண்டவற்றுள் நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்பும் விதியிலேயே சுற்றுவட்டத்தின் கரு அடங்கியிருந்தது. சந்திப்புக்கு வரும் எல்லா வண்டிகளும் ஒரே திசையில் சுற்றினால், நேருக்கு நேர் மோதலுக்கும் குறுக்கே பாய்வதற்கும் இடமிராது என்பதே அதன் அடிப்படை.

1892இல் கொலம்பசு நினைவுத் தூண் நிறுவப்பட்ட கொலம்பசு வட்டத்தில் பிராட்வே, எட்டாம் நிழற்சாலை, 59ஆம் தெரு, நடுவண் பூங்காவின் மேற்குச் சாலை ஆகியன கூடுகின்றன. அதுவரை வண்டிகள் தூணின் இருபுறமும் எதிரும் புதிருமாகச் சென்றுவந்தன. ஈனோவின் திட்டப்படி 1905ஆம் ஆண்டில் அங்கு இடஞ்சுழியான ஒருவழிச் சுழற்சி நடைமுறைக்கு வந்தது. (இந்தியா, இலங்கை, பிரித்தானியா போன்று இடப்புறம் செல்லும் நாடுகளில் இச்சுழற்சி வலஞ்சுழியாக அமையும்.)

பாரிசில் கட்டடக் கலைஞர் இயூஜின் ஹெனார்ட் இதே கருத்தைத் தனியாக உருவாக்கி 1906இல் வெளியிட்டார். பன்னிரண்டு நிழற்சாலைகள் கூடும் எத்துவால் சதுக்கத்தில், வெற்றி வளைவைச் சுற்றி 1907இல் ஒருவழிச் சுழற்சி அறிமுகமானது. சந்திப்பின் நடுவே சிறிய, விளக்கிட்ட இரும்புத் தட்டே போதும் என ஈனோ கருத, ஹெனார்ட் அதனினும் பெரிய மையத் தீவை விரும்பினார். கருத்தை முதலில் கண்டவர் யார் என்பதில் இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு இருந்தது.

சைகை விளக்குகளின் வருகை

ஈனோ பணியாற்றிய காலத்திலேயே சந்திப்புகளுக்கு மற்றொரு தீர்வும் வளர்ந்து வந்தது. 1868இல் லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே நிறுவப்பட்ட எரிவளி விளக்குக் கம்பம் சில வாரங்களில் வெடித்துச் சிதறியதால் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1914 ஆகத்து 5 அன்று ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் மின் சைகை விளக்குகள் பயன்பாட்டுக்கு வந்தன. 1920இல் டெட்ராயிட் நகரக் காவலர் வில்லியம் பாட்ஸ் சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய மூன்று நிறங்களையும் கொண்ட நாற்சந்தி விளக்கை அமைத்தார். அதே ஆண்டில் நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையிலும் சைகைக் கோபுரங்கள் எழுந்தன.

ஒரு திசை வண்டிகளை முழுவதுமாக நிறுத்தி, மறு திசை வண்டிகளை விடும் முறையை ஈனோ விரும்பவில்லை. குறுக்கே எவரும் வராதபோதும் வண்டிகள் காத்து நிற்பது வீண் என்பதே அவரது வாதம். 1920இல் வெளியான தமது நூலிலும் சுழற்சி முறையையே அவர் பரிந்துரைத்தார். எனினும் விளக்குகளுக்குக் குறைந்த இடமே தேவைப்பட்டது; நடப்போர் கடப்பதற்கும் அவை நேரம் ஒதுக்கின; ஒவ்வொரு சந்திப்பிலும் காவலரை நிறுத்தும் செலவும் குறைந்தது. கட்டடங்கள் நெருங்கிய அமெரிக்க நகரங்கள் விளக்குகளையே தேர்ந்தெடுத்தன.

முன்னுரிமை விதியும் சுற்றுவட்டங்களின் வீழ்ச்சியும்

வட்டத்திற்குள் நுழையும் வண்டி முதலில் செல்ல வேண்டுமா, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டி முதலில் செல்ல வேண்டுமா என்பது தொடக்க காலத் திட்டங்களில் தெளிவுறத் தீர்க்கப்படவில்லை. வண்டிகள் குறைவாக இருந்தவரை இது குறையாகத் தெரியவில்லை.

1913இல் விசுகான்சின் மாநிலம், சந்திப்பில் வலப்புறமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. சாதாரண நாற்சந்திக்கு இது பொருந்தியது. ஆனால் இடஞ்சுழியாகச் சுற்றும் வட்டத்தில், நுழையும் வண்டியே எப்போதும் வலப்புறத்தில் இருக்கும். எனவே உள்ளே இருப்பவர் நின்று, வெளியிலிருந்து வருபவரை உள்ளே விட வேண்டியதாயிற்று. நெரிசல் நேரத்தில் வட்டம் நிரம்பி, எவரும் வெளியேற இயலாமல் பூட்டிக்கொண்டது. அதைத் தவிர்க்க வட்டங்களைப் பெரிதாக்கினர். பெரிதானதும் வேகம் கூடி விபத்துகளும் கூடின. 1950களில் அமெரிக்கப் பொறியாளர்கள் புதிய சுற்றுவட்டங்கள் அமைப்பதை ஏறக்குறையக் கைவிட்டனர்.

பிரித்தானியாவில் சாலை ஆய்வுக்கூடத்தின் பொறியாளர் பிராங்க் பிளாக்மோர் முதலானோர் நடத்திய சோதனைகளின் பயனாக, 1966 நவம்பரில் விதி தலைகீழாக மாற்றப்பட்டது. நுழைபவர் காத்திருக்க வேண்டும், சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை என்பது நடைமுறையானது. வட்டம் பூட்டிக்கொள்வது நின்றது; சிறிய வட்டங்களே போதுமானவையாயின. பிரான்சு 1984இல் இம்முறைக்கு மாறியது. ஐக்கிய அமெரிக்காவின் முதல் நவீனச் சுற்றுவட்டங்கள் 1990இல் நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகசில் உள்ள சம்மர்லின் பகுதியில் அமைந்தன. இந்தியானா மாநிலத்தின் கார்மல் நகரம் இன்று 150க்கும் மேற்பட்ட சுற்றுவட்டங்களைக் கொண்டுள்ளது.

ஓட்டுநர் பழக்கம் எளிதில் மாறுவதில்லை என்பதற்கு எத்துவால் சதுக்கமே சான்று. நுழைபவருக்கே முன்னுரிமை என்ற பழைய விதி அங்கு இன்றும் நீடிக்கிறது. உள்ளூர் ஓட்டுநர்கள் அதற்குப் பழகியுள்ளனர்; வெளிநாட்டிலிருந்து வந்து வண்டி ஓட்டுவோர் திகைக்கின்றனர்.

பிற்காலம்

1921ஆம் ஆண்டில் ஈனோ தம் செல்வத்தைக் கொண்டு, சாலைப் போக்குவரத்து ஆய்வுக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். கனெடிகட் மாநிலத்தின் வெசுட்போர்ட்டில் இயங்கிய இவ்வமைப்பு, 1947 முதல் போக்குவரத்துக்கெனக் காலாண்டிதழ் ஒன்றை வெளியிட்டது. தற்போது ஈனோ போக்குவரத்து மையம் என்ற பெயரில் வாசிங்டன் நகரில் இயங்குகிறது.

1920களில் பல்கலைக்கழகப் பயிற்சி பெற்ற போக்குவரத்துப் பொறியாளர்கள் இத்துறையில் நுழைந்தனர். வண்டிகளை எண்ணிக் கணக்கிட்டுச் சாலைகளைத் திட்டமிடும் அவர்களது முறைகள் மேலோங்க, ஈனோவின் செல்வாக்குக் குறைந்தது. ஆயினும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. 1899 முதல் 1939 வரையிலான போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வரலாற்றைத் தமது 81ஆம் வயதில் நூலாக வெளியிட்டார். 1945 டிசம்பர் 3 அன்று தமது 87ஆம் வயதில் காலமானார்.

மதிப்பீடு

நிறுத்தற் குறிப்பலகை, நடப்போர் கடவை, ஒருவழிச் சாலை, வாடகை வண்டி நிறுத்தம், நடப்போர் ஒதுங்கும் சாலைத் திட்டு ஆகியன ஈனோவின் கண்டுபிடிப்புகள் எனப் பல இடங்களில் குறிப்பிடப்படுகின்றன. இவற்றுள் சில அவருக்கு முன்பே வழக்கில் இருந்தவை. எனவே அவற்றைப் பரப்பி, விதிகளாக்கியவர் என்று கூறுவதே பொருத்தமாகும்.

சாதாரண நாற்சந்தியில் வண்டிகள் ஒன்றோடொன்று மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32; ஒற்றைத் தடச் சுற்றுவட்டத்தில் 8 மட்டுமே. வளைந்து செல்லும் கட்டாயத்தால் வேகமும் குறைகிறது. ஐக்கிய அமெரிக்காவில் சுற்றுவட்டங்களாக மாற்றப்பட்ட சந்திப்புகளை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வு, காயம் விளைவிக்கும் விபத்துகள் ஏறத்தாழ 76 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. ஆயினும் எல்லா இடங்களுக்கும் சுற்றுவட்டம் பொருந்துவதில்லை. ஒரு சாலையில் மட்டும் வண்டிகள் இடைவிடாது வருமாயின், பிற சாலைகளில் இருப்போர் நுழைய இடைவெளி கிடைப்பதில்லை. வண்டிகள் நிற்பதைக் காதால் அறிந்து சாலையைக் கடக்கும் பார்வையற்றோருக்கும் இது கடினமானது.

ஈனோவின் வட்டம் அமெரிக்காவில் தோல்வியடைந்ததற்குக் காரணம் அதன் வடிவம் மட்டுமன்று. யார் காத்திருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லும் ஒரு விதி அதில் இல்லாமையே முதன்மைக் காரணம். எளிய விதியொன்றை எல்லோரும் அறிந்திருந்தால் நெரிசல் தீரும் என்ற அவரது கருத்தை, அவர் மறைந்து 21 ஆண்டுகளுக்குப் பின் வந்த பிரித்தானிய விதி மெய்ப்பித்தது. கொலம்பசு வட்டம் அதன்பின்னும் பலமுறை மாற்றியமைக்கப்பட்டு, 2005இல் புதுப்பிக்கப்பட்டது. வண்டிகள் இன்றும் அங்கு இடஞ்சுழியாகவே செல்கின்றன. ஆனால் அவற்றைக் கட்டுப்படுத்துபவை சைகை விளக்குகளே.